இரண்டு மார்க் காற்று

ஏழாம் வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி: "நிலக்காற்று, கடற்காற்று – வேறுபடுத்துக." இரண்டு மார்க். கோவில்பட்டிக்கு மேற்கே, கண்ணுக்கு எட்டியவரை கரிசலும் வேலிக்கருவையுமாக இருக்கிற ஊரில், கடலையே பார்த்திராத நாற்பது பிள்ளைகள் அதை நெட்டுருப் போட்டோம். பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், அதன் மேலிருக்கிற காற்று எழும்பும், கடலிலிருந்து காற்று வந்து அந்த இடத்தை நிரப்பும். இரவில் நிலம் சீக்கிரம் ஆறும், எல்லாம் தலைகீழ். படம் போட்டால் முழு மார்க். அம்புக்குறியைத் திருப்பிப் போட்டால் ஒரு மார்க் போச்சு.

முப்பது வருஷம் கழித்து, அதே அம்புக்குறிகளை நம்பி மஸ்கட் கடலில் ஒரு 24 அடி பாய்ப்படகில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன்.

படகைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கியது. என் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. நடுவில் ஒரு மரம், அதில் ஒரு பெரிய பாய், முன்னால் ஒரு சின்னப் பாய், பின்னால் தொங்குகிற ஒரு சின்ன மோட்டார். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிமிர்ந்து நிற்க முடியாது. தனியாகப் போவது வீரத்தால் அல்ல. ஆசையாகக் கூட வந்த நண்பர்கள் எல்லாரும் ஒருமுறை வந்தார்கள். வாந்தி எடுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவரவர் வீட்டில் ஏதோ ஒரு விசேஷம் இருந்தது.

பிப்ரவரி நடுவில் ஒரு வெள்ளி, காலை ஆறேகால். மரீனா பந்தர் அல் ரவ்தாவின் படகுத்துறையில் கயிற்றை அவிழ்த்தேன். சூரியன் எழ இன்னும் இருபது இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. மனைவி வழக்கம்போல, "கரை தெரியுற தூரத்துலயே போங்க" என்று சொல்லித்தான் அனுப்பினாள். மஸ்கட் கரையைப் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள வேடிக்கை புரியும். இங்கே கரை தெரியாமல் போவதுதான் கஷ்டம். நூறு, இருநூறு மீட்டர் உயரத்துக்குக் கருப்பட்டி நிறத்தில் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. ஒரு மரம் இல்லை, புல் இல்லை. மணல் மேடு இருந்தால்தான் பாலைவனம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களை இந்த மலை ஏமாற்றிவிடும். இது கல்லால் ஆன பாலைவனம்.

கல்லும் சாதாரணக் கல் இல்லை. கடலடித் தரையும் அதற்கும் கீழே இருந்த பூமியின் உட்பகுதியும் நிலத்தின் மேல் தூக்கிப் போடப்பட்டு உண்டான மலைகள் இவை. ஏறத்தாழ 9.5 கோடி ஆண்டுகளுக்கு முன் பழைய கடலுக்கு அடியில் உருவான பாறை இன்று மஸ்கட்டின் ருவிப் பகுதியில் மளிகைக் கடைகளுக்குப் பின்னால் நிற்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் புவியியல் படிக்கிறவர்கள் இதைப் பார்க்க வருகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், அது கறுப்பாக இருப்பது. கறுப்புப் பாறை சீக்கிரம் சூடாகும். மேலே போர்வை மாதிரி மரமோ மண்ணோ இல்லாததால் இரவில் சீக்கிரம் ஆறும். என் படகுக்கு எஞ்சின் இந்த மொட்டை மலைதான். டீசல் போடுவது சூரியன்.

கரை இங்கே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடுகிறது. காலையில் காற்று மலையிலிருந்து கடலுக்கு, மத்தியானம் கடலிலிருந்து மலைக்கு. ஆகவே கரையோரமாகத் தெற்கே போனாலும் வடக்கே திரும்பினாலும் காற்று விலாவில்தான் படும். பாய்ப்படகுக்கு இதைவிடச் சுகமான ஏற்பாடு கிடையாது. எதிர்காற்றில் வளைந்து வளைந்து ஏற வேண்டாம், பின்காற்றில் பாய் சடாரென்று மறுபக்கம் அடிக்குமோ என்று பயப்பட வேண்டாம். போக ஒரு காற்று, வர ஒரு காற்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவேளைதான் பாடு.

துறையைத் தாண்டிப் பெரிய பாயை ஏற்றியதும் நிலக்காற்று மெல்லப் பிடித்தது. மோட்டாரை நிறுத்தினேன். அந்த நிமிஷத்துக்காகத்தான் மாதாமாதம் துறை வாடகை கட்டுகிறேன் என்று நினைக்கிறேன். சத்தம் போய், அணியத்தில் தண்ணீர் கிழிபடும் ஓசை மட்டும் மிஞ்சும்.

அணியம் என்றால் படகின் முன்பக்கம். இந்தச் சொல்லை எனக்குத் தந்தவர் எங்கள் கம்பெனி ஸ்டோரில் இருந்த தூத்துக்குடி அண்ணாச்சி. அவர் அப்பா கொழும்புக்குப் போன தோணிகளில் தண்டல், அதாவது தோணித் தலைவர். நான் பாய்ப்படகுக் கிளப்பில் இங்கிலீஷ் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது அவர்தான் கேட்டார்: "தம்பி, பாயை இழுத்துப் பிடிக்கிற கயித்துக்கு என்னம்பான்?"

"ஷீட்டும்பாங்க அண்ணாச்சி. பாய்க்குத்தான் அந்தப் பேருன்னு நினைச்சு ரெண்டு நாள் குழம்பிட்டேன்."

"அது தாமான்ல. தாமானை இறுக்கு, தாமானை விடு. இதுக்குப் போயி கிளப்புல காசு கட்டுதியோ?"

அன்றிலிருந்து தனியாகப் போகும்போது எனக்கு நானே கட்டளை போடுவது அண்ணாச்சித் தமிழில்தான். காற்றுகளுக்கும் அவர் வைத்திருந்த பெயர்கள்தான்: வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான். மஸ்கட்டுக்கு அவை அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தாது. பரவாயில்லை.

சிதாப் ஊருக்குப் பக்கத்தில் மலைகளுக்கு நடுவே சின்ன மணல் துண்டு ஒன்று இருக்கிறது. கடல் வழியாகத்தான் போக முடியும். அங்கே கல்லறைகள். பெரும்பாலும் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் வந்து இறந்த மாலுமிகள். லாகூரின் முதல் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த தாமஸ் வால்பி ஃபிரெஞ்சும் அங்கேதான் கிடக்கிறார். பதவியை விட்ட பிறகு, மதத்தைப் பரப்புவதற்காக 1891 பிப்ரவரியில் தனியாளாக மஸ்கட் வந்தார். அறுபது தாண்டிய மனிதர். மே மாதம் இறந்துபோனார். பிப்ரவரியில் இந்த ஊர் வருகிறவர்களிடம் ரொம்ப இனிமையாக நடந்துகொள்ளும். மே மாதம் வேறு ஊர். நானும் வந்து சேர்ந்தது ஒரு பிப்ரவரியில்தான். ஆனால் எனக்குக் கம்பெனி ஏசி கொடுத்திருந்தது.

ஏழரை மணிக்கு அல் புஸ்தான் பக்கவாட்டில் வந்தது. அங்கே ரவுண்டானாவில் ஒரு கப்பல் நிற்கிறது, 'சோஹார்'. டிம் செவரின் என்ற அயர்லாந்துவாசி, பழைய அரபுக் கப்பல்களைப் போல ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்துக் கட்டச் செய்து, 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து கிளம்பி, 1981 ஜூலையில் சீனாவின் குவாங்சோவில் கொண்டுபோய் நிறுத்தினார். கடலிலிருந்து பார்த்தால் கப்பல் தெரியாது. அலுவலகம் போகும்போது காரில் நூறு தடவை சுற்றி வந்திருப்பதால், அது எங்கே நிற்கும் என்று கழுத்து தானாகத் திரும்புகிறது.

அடுத்த வளைவு கந்தப். சின்ன மீனவ ஊர். 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்ற இன்னொரு தைத்த கப்பலை இந்தக் கடற்கரையில்தான் கட்டினார்கள். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் மாதிரியில், 18 மீட்டர் நீளம். தைக்கிறவர்கள் கேரளத்திலிருந்து வந்தார்கள். தேங்காய் நார்க் கயிறு. 2010 பிப்ரவரியில் கிளம்பிக் கொச்சி, காலி, பினாங்கு வழியாக ஜூலையில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தது. யோசித்துப் பாருங்கள், தேக்கும் தென்னையும் விளையாத கரை இது. கப்பல் கட்ட மரத்துக்கும் கயிற்றுக்கும் முதலில் நம் பக்கம் கப்பல் விட வேண்டும். வெறும் பாறையையும் காற்றையும் வைத்துக்கொண்டு கடலோடிகளானவர்கள்! என் படகில் இருப்பது நைலான் கயிறு. அதையே வருஷம் ஒருமுறை வெயில் தின்றுவிடுகிறது.

கந்தப்பைத் தாண்டினால் மலையின் நிறம் மாறும். கருப்பட்டி போய், பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளிறிய பாறை வரும். பந்தர் ஜிஸ்ஸாவுக்குப் பக்கத்தில் அந்தச் சுண்ணாம்புப் பாறையை அலை குடைந்து ஒரு வளைவு வாசல் செய்து வைத்திருக்கிறது. சுற்றுலாப் படகுகள் அதற்குள் நுழைந்து வெளியே வரும். நான் பக்கத்தில் போவதில்லை. ஒரு கடல் மைல் தள்ளியே போவேன். இந்தக் கரையின் அழகில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏதாவது ஆகிவிட்டால் கரை ஒதுங்கப் பெரும்பாலான இடங்களில் கரையே கிடையாது, சுவர்தான். மத்தியானக் காற்று அந்தச் சுவரை நோக்கித்தான் தள்ளும். வெளியே இருக்கும் அந்த ஒரு மைல், எனக்கு யோசிக்கக் கிடைக்கும் அவகாசம்.

எட்டரை வாக்கில் வலப்பக்கம் சுமார் ஐம்பது ஓங்கில்கள், அதாவது டால்பின்கள். இங்கே காலையில் ஓங்கில் பார்ப்பது அதிசயமில்லை, அதற்கென்றே படகுகள் கிளம்புகின்றன. சுழன்று எழும்பி விழுகிற சின்ன வகை. பாய்ப்படகில் சத்தமில்லாததால் அவை மூச்சு விடுவது கேட்கும், ஈரத்துணியை உதறுகிற மாதிரி 'ப்ஸ்' என்று. இரண்டு வந்து அணியத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நீந்தின. என் வேகம் மூன்று நாட், அதாவது மணிக்கு மூன்று கடல் மைல். அவற்றுக்குப் போரடித்துவிட்டது.

ஒன்பதேகாலுக்கு, யிதி ஊர் வலப்பக்கம் வந்தபோது, காற்று நின்றது. குறையவில்லை, நின்றேவிட்டது. யாரோ மின்விசிறியை அணைத்த மாதிரி.

இதைத்தான் பாடப்புத்தகம் சொல்லித் தரவில்லை. நிலக்காற்றுக்கு ஒரு படம், கடற்காற்றுக்கு ஒரு படம் இருந்தது. நடுவில் நிலமும் கடலும் ஒரே சூட்டில் இருக்கிற அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் படம் இல்லை. பாய் தொளதொளத்துத் தொங்கும். முந்தின நாள் எங்கேயோ அடித்த காற்றின் மிச்ச அலை படகை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கும். மரத்தின் உச்சியில் ஏதோ ஒரு கம்பி டங், டங் என்று தட்டும். மோட்டாரைப் போட்டால் அரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம். போடுவதில்லை என்று ஒரு பிடிவாதம். காருக்கும் படகுக்கும் வித்தியாசம் இருக்க வேண்டாமா?

பெரிய பாயின் நிழலில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சு உரித்தேன். தண்ணீர் குடித்தேன். தயிர்சாதத்தைத் திறக்கலாமா என்று யோசித்து, மணி பத்துகூட ஆகவில்லை என்று மூடி வைத்தேன். ஒரு பச்சை ஆமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. மலையைப் பார்த்தேன். இந்த மலையைப் பிப்ரவரியில் பார்த்து மயங்கக் கூடாது. இதே கரையில் கொஞ்சம் தெற்கே குரியாத் இருக்கிறது. 2018 ஜூன் கடைசி வாரத்தில், அங்கே ஒரு முழு நாள், ராத்திரியும் சேர்த்து, வெப்பநிலை 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. குறைந்தபட்ச வெப்பம் 42.6! அந்த மாதிரி இரவில் நிலக்காற்று என்பது திறந்த அடுப்பு. அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரைதான் நான் மாலுமி. மற்ற மாதங்களில் படகுக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு ஊருக்கு டிக்கெட் விலை பார்ப்பேன்.

பத்தரை இருக்கும். வெள்ளை ஃபைபர் படகில் ஒரு ஓமானி மீனவர் வேகமாகப் போனவர், என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்துச் சுற்றி வந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் சுற்றிய துணி, பல் நிறையச் சிரிப்பு.

"சதீக், மோட்டார் கராப்?"

இந்தி கலந்த இந்த வளைகுடா மொழியில்தான் இங்கே பாதி வாழ்க்கை நடக்கிறது. மோட்டார் நன்றாக இருக்கிறது, காற்றுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. மோட்டாரையும் பார்த்தார், பாயையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நல்ல மோட்டாரை வைத்துக்கொண்டு நடுக்கடலில் சும்மா உட்கார்ந்திருக்கிற இந்தியனை அவர் அதற்கு முன் சந்தித்திருக்க மாட்டார். கயிறு போட்டு இழுத்துக்கொண்டு போகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கடைசியில் வானத்தைக் காட்டி, "ஜும்ஆவுக்கு அப்புறம் காற்று வரும்" என்ற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். அவரும் தொழுகைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். போவதற்கு முன் கீழே குனிந்து, முழங்கை நீளத்தில் ஒரு சூரை மீனை எடுத்து என் படகுக்குள் எறிந்தார். காசு கேட்கவில்லை. கொடுத்தால் கோபம் வரும் என்று தெரியும்.

ஐஸ் இல்லாத படகில் ஒரு முழுச் சூரை. ஈரச் சாக்கு ஒன்றில் சுற்றி நிழலில் வைத்தேன்.

பன்னிரண்டே காலுக்குத் தண்ணீரின் நிறம் தூரத்தில் மாறியது. கிழக்கும் வடக்கும் சேர்கிற பக்கம் ஒரு கருநீலக் கோடு. அது நெருங்க நெருங்க, மெருகிட்ட வெண்கலத்தை யாரோ உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. முதலில் கன்னத்தில் பட்டது. பிறகு பாய் ஒருமுறை அதிர்ந்து நிறைந்தது. பெரியவர் சொன்னதற்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. மலை சூடேறி மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கிவிட்டது. இருபது நிமிஷத்தில் படகு ஐந்து நாட்டைத் தொட்டது, ஒரு பக்கம் சாய்ந்து, கால் வைக்கிற பலகை வரை தண்ணீர் தெறித்தது. "தாமானைக் கொஞ்சம் விடு" என்று சத்தமாகச் சொல்லி, நானே விட்டேன்.

பந்தர் கைரான் பக்கம் வரும்போதுதான் அன்றைய தப்பு. கைரான் என்பது மலைகளுக்குள் கடல் விரல் விட்ட மாதிரி பல கிளைகளாகப் பிரிகிற இடம். வாய் குறுகல். காற்று நேராக உள்ளே ஊதும், மலை இடுக்கில் அதன் வேகம் கூடும். அதனால் வெளியேயே அணியத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, மோட்டாரை மெல்ல ஓடவிட்டு, சுக்கானைப் பிடிக்கிற தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு, பெரிய பாயை இறக்குவேன். எத்தனையோ தடவை செய்தது. அன்று பாய் பாதி இறங்கி நின்றுவிட்டது. மரத்தின் பள்ளத்தில் ஓடுகிற சின்ன பிளாஸ்டிக் துண்டுகளில் ஒன்று வெயிலில் உளுத்து, உடைந்து, குறுக்காக மாட்டிக்கொண்டது. போன மாதமே அதில் விரிசல் பார்த்திருந்தேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டவன் நான்தான்.

பாதிப் பாய் முழுப் பாயைவிட மோசம். அது பாட்டுக்குக் காற்றைப் பிடித்து அணியத்தைத் தள்ளும், தானியங்கி அதைத் திருப்பப் பார்க்கும், இரண்டும் சண்டை போடும். திரும்பிப் பார்த்தேன். இருநூறு மீட்டரில் சுண்ணாம்புச் சுவர், அடியில் வெள்ளை நுரை. இன்னொரு ஆள் இருந்தால் "சுக்கானைப் பிடி" என்று சொல்லிவிட்டு முன்னால் ஓடலாம். தனியாள் சுக்கானை விட்டால்தான் பாயைத் தொட முடியும். இடுப்புக் கயிற்றின் கொக்கியைப் படகின் நீளவாட்டில் கட்டியிருந்த கயிற்றில் மாட்டிக்கொண்டு, நான்கு காலில் தவழ்ந்து மரத்தடிக்குப் போனேன். எழுந்து நின்று, பாயின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். வரவில்லை. ஒரு முழம் மேலே தூக்கிவிட்டு மறுபடி இழுத்தேன். டப்பென்று ஏதோ உடைந்து பாய் மொத்தமாக என் தலைமேல் விழுந்தது. பாய்க்குள்ளிருந்து வெளியே வந்து பார்த்தபோது சுவர் நூறு மீட்டரில் இருந்தது. சுக்கானுக்கு வந்து மோட்டாரை முறுக்கினேன். எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம் ஆகியிருக்காது. வாய் மட்டும் உலர்ந்து மேலண்ணம் நாக்கோடு ஒட்டிக்கொண்டது.

உள்ளே நுழைந்து இரண்டாவது வளைவு திரும்பியதும் வேறு உலகம். அலை இல்லை. செல்போனில் சிக்னல் இல்லை. தண்ணீருக்கு அடியில் பவளம் பழுப்பும் பச்சையுமாகத் தெரியும், அதற்கு நடுவே வெளுத்த மணல் திட்டு. பவளத்தில் நங்கூரம் விழாமல் மணலைப் பார்த்துப் போட்டேன். ஆறு மீட்டர் ஆழம், முப்பது மீட்டர் சங்கிலியும் கயிறும் விட்டேன். கோடியில் ஒரு திட்டு வெண்கண்டல், பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நிற்கிற அதே அலையாத்தி. ஓமானில் இயற்கையாக வளரும் கண்டல் இந்த ஒன்றுதான். அரபியில் 'குர்ம்'. மஸ்கட்டின் பணக்காரப் பகுதிக்குக் குரும் என்று பெயர் வந்தது இதனால்தான். மொத்த மலையிலும் பச்சை அந்த ஒரு திட்டு மட்டும், அதுவும் உப்புத் தண்ணீரைக் குடித்து. மேலே பாறை விளிம்பில் விரால் அடிப்பான் என்கிற மீன்பிடிக் கழுகு ஒன்று உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. தயிர்சாதம், மோர்மிளகாய். அதற்கு அந்தச் சூரை மேல்தான் கண் என்று நினைக்கிறேன்.

சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷம் படுத்தேன். கண்ணை மூடினால் சுவர் வந்தது. எழுந்து, உடைந்த துண்டுக்குப் பதில் கயிறால் ஒரு வளையம் கட்டினேன். கந்தப்பில் கப்பல் தைத்தவர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனால் பிடித்தது.

மூன்று மணிக்கு மோட்டாரிலேயே வெளியே வந்து பாய் ஏற்றினேன். திரும்பும் வழி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, எல்லாம் சரியாக நடந்தது. காற்று வலது விலாவில், மலை இடது கையில். காலையில் தட்டையாக, முகமில்லாமல் நின்ற மலை, மாலை வெயிலில் ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்து காட்டியது. ஒரு மலைக்குப் பின்னால் ஒரு மலை, அதற்குப் பின்னால் ஒன்று, கடைசியில் நீலப் புகை மாதிரி ஒன்று. படம் எடுத்தேன். ஒன்றிலும் அது விழவில்லை. ஐந்து மணிக்குக் காற்று தளர்ந்தது. கடைசி ஒரு மைல் மோட்டார்.

படகைக் கட்டி, உப்பைக் கழுவி, சூரையோடு வீட்டுக்குப் போனபோது ஏழு தாண்டிவிட்டது. மனைவி மீனைப் பார்த்துவிட்டு, "வாங்குனதா, பிடிச்சதா?" என்றாள்.

"கொடுத்தது."

"எதுவரைக்கும் போனீங்க?"

"கைரான்."

அவள் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "போன மாசம் நாம புள்ளைங்களோட கார்ல போனோமே, அந்தக் கைரானா? முக்கால் மணி நேரத்துல?"

ஆமாம் என்றேன். ரத்தம் தெறிக்காமல் இருக்க அவள் பழைய தினசரியை விரித்தாள். நான் வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனேன்.